பிஆர் வைத்துக்கொண்டு சின்ன ஊர் அரசியலில் எங்கே தொடங்குவது?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு சின்ன ஊருக்குக் குடிவந்திருக்கிறீர்கள், கையில் பிஆர் (நிரந்தர வதிவுரிமை) மட்டும்தான், அரசியலுக்கு எந்தப் பக்கத்தால் போவது என்று கேட்டிருந்தீர்கள், தம்பி.

நகரசபையால் போங்கள். பிரொக்வில் ஊரின் பொப் ரன்சிமன் 1972இல் நகரசபைக்குப் போனார். 1981இல் மாகாண சட்டமன்றம், 2010இல் ஒட்டாவாவில் நாடாளுமன்ற மேலவையான செனட். எங்கட ஆட்களில் யுவனிதா நாதன் கல்விச்சபை, மார்க்கம் நகரசபை என்று வந்து 2025இல் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

குடியுரிமை இல்லாமல் எந்த மட்டத்திலும் நிற்கவும் முடியாது, வாக்களிக்கவும் முடியாது. குடியுரிமை கிடைத்த பிறகு, நகரசபைக்கு நிற்கக் கட்சி தேவையில்லை. தேர்தல் வருடத்தில் மே மாதம் வேட்புமனு வாங்கத் தொடங்குவார்கள். மனுக் கட்டணம் கவுன்சிலருக்கு 100 டொலர், மேயருக்கு 200. வாக்காளர் 4,000 பேருக்கு மேலுள்ள ஊரென்றால் 25 பேரின் கையெழுத்தும் வேண்டும். முப்பது, முப்பத்தைந்து பேரிடம் வாங்குங்கள். கையெழுத்துப் போடுபவர் அந்த ஊரில் வாக்குரிமை உள்ளவராக இருக்க வேண்டும்.

ஆட்கள் விழுவது பெரும்பாலும் கணக்கில்தான். மனுக் கொடுக்குமுன் ஒரு சதமும் வாங்கவோ செலவழிக்கவோ கூடாது. பிரசாரத்துக்கென்று தனி வங்கிக் கணக்குத் திறக்க வேண்டும். ஒருவர் உங்களுக்கு நன்கொடையாக அதிகபட்சம் 1,200 டொலர் தரலாம். ரொக்கமாக 25 டொலர் வரைதான். கோயில் வாசலில் ஒருவர் அன்போடு நூறு டொலர்த் தாளை நீட்டினாலும் வாங்காதீர்கள், காசோலை கேளுங்கள். கடைக்காரர் கம்பனிக் காசோலை தந்தால் அதுவும் ஆகாது. கவுன்சிலர் வேட்பாளரின் செலவு வரம்பு 5,000 டொலரும் வாக்காளர் ஒருவருக்கு 85 சதமும்: 12,000 வாக்காளர் என்றால் 15,200. தேர்தலுக்கு அடுத்த மார்ச் கடைசி வெள்ளிக்குள் கணக்கறிக்கை கொடுக்க வேண்டும். தவறினால் 30 நாள் சலுகை உண்டு, 500 டொலர் தண்டம். அதையும் விட்டால் வென்ற ஆசனம் போய்விடும், அடுத்த தேர்தலிலும் நிற்க முடியாது. தோற்றவருக்கும் இந்த அறிக்கை கட்டாயம். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

மாகாண சட்டமன்றத்துக்கும் ஒட்டாவா நாடாளுமன்றத்துக்கும் போக, பெரும்பாலும் வேட்பாளரைத் தெரிவுசெய்யும் கட்சியின் உள்தேர்தலில் முதலில் வெல்ல வேண்டும். அங்கே யார் அதிக அங்கத்தவரைச் சேர்த்து, அன்றைக்கு மண்டபத்துக்குக் கூட்டிவருகிறாரோ அவருக்குத்தான் வாய்ப்பு. லிபரல், கன்சர்வேட்டிவ் இரண்டிலும் பிஆர் உள்ளவர் 14 வயதிலிருந்து அங்கத்தவராகலாம். அங்கத்தவர் சேர்ப்புக்கு முடிவுத் திகதி உண்டு; அது உள்தேர்தல் நாளுக்கு முன்பே வந்துவிடும். ஆகவே இப்போதே சேருங்கள். தொகுதிச் சங்கக் கூட்டங்களுக்குப் போங்கள், கதவு தட்டும் வேலைக்கு உதவுங்கள். குடியுரிமை வரும்வரைக்கும் இது போதும்.