ஏசி போட்டா வண்டி ஏன் உதறுது?

கேள்வி: சிக்னல்ல நிக்கும்போது ஏசி போட்டா ஆர்பிஎம் முள்ளு லேசா இறங்கி திரும்ப ஏறுது, ஸ்டியரிங்கும் கொஞ்சம் நடுங்குது. இன்ஜின் போயிடுச்சா சார்?

பதில்: போகல, பயப்படாதீங்க. ஏசி கம்ப்ரஸரை (ஏசி கேஸை அழுத்தற பம்ப்) பெல்ட் வழியா சுத்துறதே உங்க இன்ஜின்தான், சும்மா 750 ஆர்பிஎம்ல முனகிட்டு இருக்கறதுகிட்ட திடீர்னு இன்னொரு வேலைய குடுத்தா கொஞ்சம் திணறத்தான் செய்யும். இதுக்குத்தான் நீங்க பட்டனை அமுக்குனதும் ஈசியு (இன்ஜினை கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) முதல்ல த்ராட்டிலை, அதாவது இன்ஜினுக்கு காத்து போற வழியில இருக்கற கதவை, லேசா தொறந்து காத்தும் பெட்ரோலும் கூட்டி வச்சிட்டு, அப்புறம்தான் கம்ப்ரஸரை பெல்ட்டோட சேத்து விடற கிளட்சை ஒட்ட விடும். அந்த 'டிக்' சத்தம் கேட்டிருப்பீங்களே, அதான். அதுக்கப்புறம் ஐடில் (வண்டி நிக்கும்போது இன்ஜின் சுத்தற வேகம்) 800, 900-ன்னு நின்னா நார்மல். மூணு சிலிண்டர் வண்டின்னா நடுக்கம் கூடவே தெரியும், அது அதோட பிறவிக் குணம். ஆனா 600-க்கும் கீழ விழுந்து ஆஃப் ஆகற மாதிரி இழுத்தா த்ராட்டில் பாடியில கரி படிஞ்சிருக்கான்னு பாக்க சொல்லுங்க. ஆர்பிஎம் ஒழுங்கா நிக்குது, நடுக்கம் மட்டும் இருக்குன்னா இன்ஜினை தாங்கிப் பிடிச்சிருக்கற மவுண்ட் ரப்பரை பாருங்க.

கேள்வி: டிராஃபிக்ல ஏசி போட்டா டெம்பரேச்சர் முள்ளு ஏறுது, ஆஃப் பண்ணா இறங்கிடுது. ஏசியில கோளாறுன்னு மெக்கானிக் சொல்றாரே?

பதில்: எனக்கு அப்படி தோணல. ரேடியேட்டருக்கு முன்னாடி ஒட்டினாப்ல இன்னொரு ஜல்லடை மாதிரி இருக்கும் பாருங்க, அதான் கண்டென்ஸர். வண்டிக்குள்ள இருந்து ஏசி இழுத்த சூட்டையெல்லாம் அது வெளிய தள்ளுது, அந்த சூடான காத்துதான் பின்னாடி ரேடியேட்டருக்கு போகுது, அதோட இன்ஜினும் கம்ப்ரஸருக்காக கூடுதலா உழைக்குது. கூலிங் சிஸ்டம் சரியா இருந்தா இதையெல்லாம் சமாளிச்சிடும், அதுக்கேத்த மாதிரிதான் டிசைன் பண்ணிருப்பாங்க. சமாளிக்கலன்னா குறை கூலிங்ல இருக்கு, ஏசி அதை காட்டிக் குடுக்குது, அவ்ளோதான்.

ஹைவேல ஓடும்போது முள்ளு ஒழுங்கா இருந்து, நின்னா மட்டும் ஏறுதா? அப்போ காத்துதான் பத்தல. வண்டிய நிறுத்தி ஏசிய போட்டு ஃபேன் சுத்துதான்னு பாருங்க (கைய கிட்ட கொண்டு போகாதீங்க, எப்ப வேணா சுத்த ஆரம்பிக்கும்). சுத்தலன்னா ஃபியூஸ், ரிலே, மோட்டார்னு வரிசையா பாக்கணும். சுத்துதுன்னா கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல தூசி, பூச்சி, காஞ்ச இலைன்னு அடைச்சிருக்கும், முன்னாடி இருந்து பாத்தா சுத்தமாத்தான் தெரியும், ஏமாந்துடாதீங்க. இதுக்கு இன்னொரு அடையாளம், நிக்கும்போது ஏசி காத்து வெதுவெதுன்னு வந்து வண்டி கெளம்புனதும் ஜில்லுன்னு ஆகும். ஹைவேல வேகமா போகும்போதும் ஏறுதுன்னா கதை வேற, கூலன்ட் (இன்ஜினை குளிர வைக்கற தண்ணிக் கலவை) சரியா ஓடல, ரேடியேட்டர் உள்ளடைப்பு, தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்து கூலன்ட்டுக்கு வழி விடற வால்வு), வாட்டர் பம்ப், இதுல எதுவா வேணா இருக்கலாம். முதல்ல கூலன்ட் அளவை பாத்துடுங்க.

இன்னொண்ணு, இப்ப வர்ற நிறைய வண்டியில கூலன்ட் 80-ல இருந்து 100 டிகிரி வரைக்கும் மாறினாலும் முள்ளு நடுவுலயே நிக்கற மாதிரிதான் வச்சிருக்காங்க, அதனால அது நடுவ தாண்டுச்சுன்னாலே விஷயம் கொஞ்சம் முத்திடுச்சுன்னு அர்த்தம், 'இன்னும் சிவப்பு வரலயே'ன்னு ஓட்டாதீங்க.

கேள்வி: சூடு ஏறினா ஹீட்டர் போட சொல்றாங்க, நிஜமாவா?

பதில்: நிஜம்தான். ஹீட்டருக்குள்ள இருக்கறதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். ஏசிய ஆஃப் பண்ணி, ஹீட்டரை ஃபுல்லா வச்சு ப்ளோயரை கூட்டுங்க, நீங்க வேர்த்துக் கொட்டுவீங்க, இன்ஜின் பொழைக்கும். அப்படியே ஓரமா நிறுத்த இடம் பாருங்க. ரேடியேட்டர் மூடிய மட்டும் சூட்டோட தொறக்காதீங்க, உள்ள பிரஷர்ல 100 டிகிரிக்கு மேலயும் கொதிக்காம இருக்கற தண்ணி மூடி விட்ட அந்த நொடியே கொதிச்சு மூஞ்சில அடிக்கும்.

கேள்வி: ஏசி போட்டு நின்னா வண்டிக்கு அடியில தண்ணி சொட்டுதே?

பதில்: நிறமில்லாம பிசுபிசுப்பில்லாம இருந்தா ஏசி தண்ணிதான், சொட்டட்டும். கலரா இனிப்பு வாடையோட இருந்தா கூலன்ட் லீக்.