கொடி கட்டாத துலா

அன்புள்ள அண்ணாவுக்கு,

எலிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் பற்றிய உங்கள் கட்டுரையை வகுப்பில் எல்லோருமாக வாசித்தோம். அந்த மருந்தின் மூலப்பொருளைக் கட்டும் மண் பற்றீரியாவில் தாங்கிப் புரதம் உருவானவுடன் வேலை செய்யாது, இன்னொரு நொதியம் வந்து கந்தகமுள்ள ஒரு பகுதியை ஒட்டி அதை மாற்றிவிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். பரம்பரையலகில் உள்ளபடிதானே புரதம் வருகிறது? முதலிலேயே முழுதாகச் செய்யாமல் ஏன் இந்தச் சுற்றுவழி? கந்தகம்தான் தேவையென்றால் சிஸ்டீன் என்ற அமினோவமிலம் இருக்கிறதே?

உயர்தர மாணவி, கோப்பாய்

அன்புள்ள தங்கைக்கு,

சிஸ்டீனிலிருந்தே தொடங்குகிறேன். அதுதான் நல்ல கேள்வி.

சிஸ்டீனில் கந்தகம் இருப்பது உண்மை. ஆனால் அது புரதத்தின் உடம்போடு ஒட்டியபடி நிற்கிறது. தாங்கிப் புரதத்தின் வேலையோ, வளர்ந்துகொண்டிருக்கும் காபன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நொதியத்தின் வாசலுக்கும் கொண்டுபோய்க் காட்டுவது. அதற்கு எட்டிப் போகிற கை வேண்டும். பழைய கிணற்றடிகளில் துலா பார்த்திருப்பீர்கள். ஆடுகாலும் மரமும் எவ்வளவு உறுதியாக நின்றாலும், கொடியும் வாளியும் கட்டாவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே வராது. பற்றீரியா இங்கே கட்டுகிற கொடிக்குப் பொஸ்போபான்ரெதீன் என்று பெயர். நீளம் ஏறத்தாழ 2 நனோமீற்றர். நுனியில் இருக்கும் கந்தகம்தான் சங்கிலியைப் பிடிக்கிறது. அந்தப் பிணைப்புக்குத் தயோஎசுத்தர் என்று பெயர். வழியில் நழுவவிடாத அளவுக்கு உறுதியும், அடுத்த இடத்தில் கைமாற்றும் அளவுக்கு இளக்கமும் அதற்கு உண்டு.

இந்தக் கொடியைப் பரம்பரையலகில் நேரே எழுத முடியாது. அங்கே அமினோவமிலங்களைத்தான் எழுதலாம்; இதுவோ பி5 விற்றமினிலிருந்து வருவது. கலத்துக்குள் இருக்கும் துணைநொதியம் ஏ என்ற சிறு மூலக்கூறில் இது ஏற்கெனவே இருக்கிறது. மாற்றும் நொதியம் அதிலிருந்து இதைக் கழற்றி, தாங்கிப் புரதத்தில் குறித்த ஒரு இடத்தில் இருக்கும் செரீன் என்ற அமினோவமிலத்தில் மாட்டுகிறது. ஆகவே பரம்பரையலகில் எழுதியிருப்பது கொடி கட்டும் இடம்: அந்தச் செரீனும், அதைச் சுற்றி நொதியம் அடையாளம் காணும் வடிவமும். உங்கள் பாடப்புத்தகம் பிழையில்லை. அதற்கு அடுத்த அத்தியாயம் இது. நம் உடம்பில் கொழுப்பமிலம் கட்டும் புரதத்திலும் இதே கொடிதான்.

துலா உவமை ஓரளவுக்குத்தான் சரிவரும். எரித்திரோமைசின் என்ற இன்னொரு நுண்ணுயிர்க்கொல்லியின் அடிப்படை வளையத்தைக் கட்டும் தொகுதியில் 3 பெரிய புரதங்கள், அவற்றில் 7 தாங்கிகள். சங்கிலி ஒரு கொடியிலிருந்து அடுத்த கொடிக்குக் கைமாறும். கைமாறும்போதெல்லாம் ஒரு துண்டு நீளும். கிணற்றுக்குத் திரும்பிப் போவதே இல்லை. டொக்சிசைக்கிளினுக்கு மூலமான ஒட்சிதெத்திராசைக்கிளினில் கதை வேறு. அங்கே தனியாக நடமாடும் ஒரு சிறு தாங்கிதான் முழுச் சங்கிலியையும் சுமக்கிறது.

நான் ஆய்வுகூடத்தில் பட்டதையும் சொல்லவேண்டும். மண் பற்றீரியா ஒன்றின் தாங்கிப் புரதத்தை, ஆய்வுகூடங்களில் வழக்கமாக வளர்க்கும் ஈ.கோலை என்ற பற்றீரியாவுக்குள் செய்வித்தேன். புரதம் அள்ளிக்கொள்ளும் அளவுக்கு வந்தது. ஆனால் எந்த நொதியத்தோடு சேர்த்தாலும் அசையவில்லை. மூன்று மாதம் உப்பையும் வெப்பநிலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் மூலக்கூறுகளின் எடையை அளக்கும் திணிவு நிறமாலைமானியில் வைத்தபோது, அமினோவமிலங்களைக் கூட்டினால் என்ன எடை வருமோ அதே இடத்தில் ஒற்றை உச்சி. கொடியே கட்டப்படவில்லை. ஈ.கோலையிடம் மாற்றும் நொதியம் உண்டு, ஆனால் அது தன் சொந்தப் புரதத்துக்குப் பழகியது. பிற பற்றீரியாக்களின் தாங்கிகள் பலவற்றை அது சரியாகக் கவனிப்பதில்லை.

பசிலசு சப்ரிலிசு என்ற பற்றீரியாவில் எஸ்எஃப்பி என்றொரு நொதியம் இருக்கிறது. ஊர் பேர் பார்க்காமல் ஏறத்தாழ யாருடைய தாங்கிக்கும் கொடி கட்டும். 2001 இல் ஈ.கோலைக்குள் எரித்திரோமைசின் வளையத்தைக் கட்டிக் காட்டியவர்களும் இதன் பரம்பரையலகை உள்ளே வைத்துத்தான் அதைச் செய்தார்கள். நானும் சேர்த்தேன். பழைய உச்சி தேய்ந்து, 340 டோல்ற்றன் (மூலக்கூறு எடையின் அலகு) தள்ளிப் புதியதொன்று எழுந்தது. பொஸ்போபான்ரெதீனின் எடை 358. பிணையும்போது ஒரு நீர் மூலக்கூறு, 18, கழிகிறது. அந்தக் கழித்தலைக் கடதாசியில் எழுதிப் பார்த்துவிட்டு, அன்றிரவே முதல் பரிசோதனையைத் திரும்ப வைத்தேன். விடிய வந்து பார்த்தபோது தாங்கியில் சங்கிலி ஏறியிருந்தது.