நாய்க் காது: மருந்து ஊற்றும் முன் உள்ளே பாருங்கள்

நாய்களின் காதுத் தொல்லை பற்றி வந்த கேள்விகளை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர்களில் பாதிப் பேர் "என்ன ஊற்றலாம்?" என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஒரு கால்நடை மருத்துவராக எனக்கு அதுதான் கவலை.

சார், எங்கள் லேப்ரடார் தினமும் வாய்க்காலில் நீந்துவான். காதில் பழுப்பு அழுக்கு, புளித்த நாற்றம். வேப்பெண்ணெய் விடலாமா? (கோபி)

வேண்டாங்க. இந்த நாற்றமும் பழுப்பு மெழுகும் சேர்ந்தால் பெரும்பாலும் மலசீசியா என்ற ஈஸ்ட். எல்லா நாயின் தோலிலும் அது கொஞ்சம் இருக்கும். தொங்கு காதுக்குள் ஈரம் அடைபட்டால் பெருகிவிடும். நாயின் காதுக் குழாய் நேராகப் போவதில்லை. முதலில் கீழே இறங்கி, அப்புறம் உள்பக்கம் மடங்குகிறது. நீங்கள் விடும் எண்ணெய் அந்த மடக்கில் தங்கி, அழுக்கையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மருத்துவர் பஞ்சில் கொஞ்சம் அழுக்கெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஈஸ்ட்டா பாக்டீரியாவா என்று உடனே தெரியும். இரண்டுக்கும் மருந்து வேறு. அதைவிட முக்கியம், செவிப்பறை முழுசாக இருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பார்ப்பது. கிழிந்த செவிப்பறை வழியாக ஜென்டாமைசின் போன்ற மருந்து உள்காதுக்குப் போனால் காதே கேட்காமல் போகலாம். மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றாதீர்கள் என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

நீந்துவதை நிறுத்த வேண்டியதில்லை. காது ஆறிய பிறகு நீந்தட்டும். கரையேறியதும் மடலைத் தூக்கி, உலர்ந்த துணியால் எட்டும் வரை துடைத்துவிடுங்கள்.

ஆட்டுப் பட்டிக் காவல் நாய். நேற்று வரை நன்றாக இருந்தது. கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) திரிந்து வந்ததிலிருந்து ஒரு பக்கமே தலையை உதறி அழுகிறது. (காங்கேயம்)

திடீரென்று, ஒரே காதில், புல்லுக்குள் போய் வந்த பிறகு என்றால் நான் முதலில் சந்தேகிப்பது புல் விதையைத்தான். ஊசிப்புல் விதையின் முனை கூர்மை, முள் பின்னோக்கி இருக்கும். அதனால் உதற உதற முன்னேதான் போகும். செவிப்பறையைக்கூடத் துளைத்துவிடும். வெளியே தெரிந்தால் மெல்ல எடுங்கள். தெரியாவிட்டால் நோண்டாமல் இன்றே கூட்டிப் போங்கள். மயக்க மருந்து கொடுத்துத்தான் பெரும்பாலும் எடுக்க முடியும். பக்கத்தில் அந்த வசதி இல்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம்.

குட்டியின் காதில் காபித் தூள் மாதிரி கருப்பாக இருக்கிறது. ஓயாமல் சொறிகிறது. (ஈரோடு)

காதுப் பூச்சியாக இருக்கலாம், அம்மிணி. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத உண்ணி இனம். ஒட்டிக்கொள்ளும் என்பதால் வீட்டிலுள்ள பூனைக்கும் மற்ற நாய்களுக்கும் சேர்த்தே மருந்து தர வேண்டும். ஆனால் நாய்க்கு எழுதியதைப் பூனைக்குப் போடாதீர்கள். சில மருந்துகள் பூனையைக் கொன்றுவிடும்.

காது மடல் பொதபொதவென்று வீங்கிவிட்டது. ஊசியால் குத்தி விடலாமா, அண்ணா? (பவானி)

குத்தாதே தம்பி. விடாமல் உதறியதில் மடலுக்குள் ரத்தக்குழாய் உடைந்து ரத்தம் தேங்கியிருக்கிறது. வீட்டில் குத்தினால் சீழ் பிடிக்கும், ரத்தமும் மறுபடி சேரும். உதற வைத்த காரணம் காதுக்குள் இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து வைத்தியம் பார்த்தால்தான் நிற்கும். அப்படியே விட்டால் மடல் சுருங்கிப்போகும்.

காதோரப் புண்ணில் புழு வைத்துவிட்டது. மாட்டுக்குப் போடுகிற கற்பூரமும் டர்பன்டைனும் போட்டேன், துடிக்கிறது. (அந்தியூர்)

இனிமேல் போடாதீங்க. அது தோலை எரிக்கும், குழாய்க்குள் வழிந்தால் இன்னும் கெடுதல். நாய் நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்து, புண்ணைக் கழுவி, ஈ உட்காராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆழமாகப் போயிருந்தால் மருத்துவர்தான் எடுக்க முடியும். இன்றைக்கே போங்கள், புழு ஒரே நாளில் நிறையத் தின்றுவிடும்.

மருந்து போட்டால் சரியாகிறது, இரண்டு மாதத்தில் திரும்ப வருகிறது. மருத்துவர் சரியில்லையா? (திருப்பூர்)

அப்படி முடிவு கட்ட வேண்டாம். இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, நாற்றம் போனதும் மருந்தை நிறுத்திவிட்டீர்களா? சொன்ன நாள் வரை போட்டு, மறுபடி காட்டி, சுத்தம் என்று தெரிந்த பிறகே நிறுத்த வேண்டும். இரண்டு, பாதத்தை நக்குகிறதா, வயிற்றைச் சொறிகிறதா? அப்படியென்றால் காது வெறும் அடையாளம். உடம்பில் ஒவ்வாமை இருக்கிறது. தூசி, மகரந்தம், சாப்பாடு எதுவும் காரணமாகலாம். சாப்பாடு என்று சந்தேகப்பட்டால் இதுவரை தின்னாத ஒரே இறைச்சியை வைத்து சுமார் 8 வாரம் பார்க்கச் சொல்வோம். அந்த 8 வாரமும் ஒரு பிஸ்கட் கூடக் கூடாது. பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

தோட்டத்துச் சாளைக்கு (தோட்ட வீட்டுக்கு) வெள்ளை ராஜபாளையம் குட்டி வாங்கினோம். கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. (பொள்ளாச்சி)

தூங்கும்போது, காற்றோ தரையதிர்வோ படாமல் பின்னால் நின்று சத்தம் செய்து பாருங்கள். காதும் அசையவில்லை என்றால் பிறவிச் செவிடாக இருக்கலாம். வெள்ளை நாய்களில் உள்காதில் நிறமி அணுக்கள் இல்லாததால் இது வருவதுண்டு. சொட்டு மருந்தால் சரியாகாது. கைச் சைகையில் பழக்கலாம், அருமையாகப் பழகும். இனவிருத்திக்கு மட்டும் விடாதீர்கள், ரோட்டோரம் அவிழ்த்தும் விடாதீர்கள்.

காது குடையும் பட்ஸ் வைத்துச் சுத்தம் செய்யலாமா? (கரூர்)

கூடாது, அழுக்கை அடிக்குத் தள்ளிவிடும். மருத்துவர் சொன்ன காது கழுவும் திரவத்தை ஊற்றி, காதின் அடிப்பகுதியை வெளியிலிருந்து அரை நிமிடம் பிசையுங்கள். அது உதறட்டும். வெளியே வந்ததைப் பஞ்சால் துடையுங்கள். வலியில் கத்தினாலோ, தலை ஒரு பக்கம் சாய்ந்தாலோ, நடை தள்ளாடினாலோ கழுவவே வேண்டாம். நேராக மருத்துவரிடம் போய்விடுங்கள்.