செம்மண் மைதானத்துக்கு எந்த ஸ்டட் பூட்ஸ்?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் பள்ளிக் கால்பந்து அணியில் ஆடுகிறான். தருமபுரியில் ஒரு கடையில், "டிவியில் ஆடுகிறவர்கள் போடுவது இதுதான்" என்று சொல்லி, அடியில் ஆறு நீளமான ஸ்டட்கள் கொண்ட பூட்ஸைக் கொடுத்தார்கள். மூன்றே வாரத்தில் ஒரு ஸ்டட் அடியோடு பெயர்ந்துவிட்டது. பையனுக்குக் குதிகால் வலியும் வந்துவிட்டது. கடைக்காரரோ, "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார். – ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: உங்களுக்கு விற்கப்பட்டது ஈரப் புல்தரைக்கான பூட்ஸ். பெட்டியில் எஸ்.ஜி. என்ற குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். 1954 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில், பெர்ன் நகரத்து மழையில், அடிடாஸ் நிறுவனர் அடி டாஸ்லர் தயாரித்த, கழற்றி மாட்டக்கூடிய ஸ்டட் பூட்ஸை அணிந்து மேற்கு ஜெர்மனி ஹங்கேரியை 3-2 என்று வென்றதிலிருந்து இந்த வகைக்குப் பெரும் புகழ் உண்டு. ஆனால் அது நனைந்து இளகிய தரையில் ஆழமாக இறங்கிப் பிடிப்பதற்கென்றே உருவானது. சரளை கலந்த நம் செம்மண் தரை மாசி, பங்குனியில் சிமென்ட் போல இறுகிவிடுகிறது. ஸ்டட் மண்ணில் இறங்காதபோது ஆட்டக்காரரின் எடை முழுவதும் அந்த ஆறு முனைகளின் மேல்தான் நிற்கிறது. பக்கவாட்டில் திரும்பும்போதெல்லாம் அந்த விசை ஸ்டட்டின் அடிப்பகுதியை வளைக்கிறது. அது பெயர்ந்ததும், முனைகளின் அழுத்தம் உள்ளங்காலில் உறைப்பதும் இதனால்தான். வளரும் வயதுப் பிள்ளைகளின் குதிகால் எலும்பு இன்னும் முழுமையாகக் கூடியிருக்காது என்பதால், பூட்ஸை மாற்றிய பிறகும் வலி நீடித்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஸ்டட் தரையைப் பிடிப்பதைப் பற்றியே கடைகளில் பேசுகிறார்கள். அது தரையை விட வேண்டிய நேரத்தில் விட வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. பாதம் ஊன்றி நிற்க உடல் மட்டும் திரும்பும்போது, காலணியும் சற்றுச் சுழன்று கொடுக்காவிட்டால் அந்த முறுக்கு முழங்காலுக்குப் போகிறது. பள்ளிகளில் 'அமெரிக்கன் ஃபுட்பால்' ஆடும் மாணவர்களை வைத்து டோர்க், க்வெடன்ஃபெல்ட் ஆகிய இருவர் 1971-இல் வெளியிட்ட ஆய்வு, குறைந்த எண்ணிக்கையில் நீளமான ஸ்டட்களைக் காட்டிலும், அதிக எண்ணிக்கையில் குட்டையான ஸ்டட்கள் கொண்ட காலணியில் முழங்கால் காயம் குறைவதைக் காட்டியது. பையன் எந்த இடத்தில் ஆடினாலும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நம் தரைக்கு, அடி முழுவதும் சிறுசிறு ரப்பர் குமிழ்கள் பரவிய டி.எஃப். வகையோ, குட்டையான உருண்டை ஸ்டட்கள் நிறைய உள்ள ஏ.ஜி. வகையோ பொருந்தும். டி.எஃப். வகையில் பெரும்பாலும் இடையில் ஒரு மெத்தை அடுக்கும் இருப்பது குதிகாலுக்கு நல்லது. எஃப்.ஜி. என்பது உலர்ந்த புல்தரைக்கானது. புல்லே இல்லாத மைதானத்துக்கு அது இரண்டாம் தேர்வுதான்.

வாங்கும்போது பூட்ஸின் முனையையும் குதிகாலையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் அது வளைய வேண்டும். நடுப்பாதத்தில் மடங்கினால் வேண்டாம். உள்ளே கைவிட்டு, ஸ்டட் இருக்கும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்துங்கள். மேடு தட்டுப்பட்டால் நாளை அதே இடம் காலிலும் உறுத்தும். ஸ்டட் அடியில் அகன்று, அடிப்பாகத்தோடு ஒரே வார்ப்பாக இருப்பது நல்லது. தனியாக ஒட்டிய கோடு தெரிந்தால் வாங்காதீர்கள்.

இனி உங்கள் பணம். பில்லில் அந்த வரி இருப்பதாலேயே கடைக்காரர் தப்பிவிட முடியாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள்ளும், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: பெட்டியில் ஈரப் புல்தரைக்கு என்று தெளிவாக இருந்தால், தவறான தரையில் பயன்படுத்தினீர்கள் என்ற வாதத்துக்கு வலு உண்டு. மண் மைதானத்துக்கு என்று கேட்டுத்தான் வாங்கினீர்கள் என்றால் நிலைமை உங்கள் பக்கம். அதை எழுத்தில் குறிப்பிட்டு, பெயர்ந்த ஸ்டட்டின் படத்தோடும் பில் நகலோடும் கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது; இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

கேள்வி: எங்கள் கிரிக்கெட் அணி மேட் விரித்த பிட்ச்சில் ஆடுகிறது. பந்துவீச்சாளர்களுக்கு இரும்பு ஸ்பைக் ஷூ வாங்கலாமா? – காவேரிப்பட்டணம்

பதில்: வேண்டாம். ஸ்பைக் மேட்டைக் கிழிக்கும். அதன் அடியில் சிமென்ட் இருந்தால் வழுக்கவும் செய்யும். ரப்பர் ஸ்டட் போதும்.

கேள்வி: ஓசூரில் என் மகளுக்கு ஏற்ற அளவு கிடைக்கவில்லை. ஆன்லைனில் வாங்கினால் அளவு தவறாமல் இருக்க என்ன வழி?

பதில்: எண்ணை நம்பாமல் சென்டிமீட்டரை நம்புங்கள். அமெரிக்க அளவு எண், நாம் வழக்கமாகச் சொல்லும் பிரிட்டன் எண்ணைவிட ஆண்கள், சிறுவர் காலணிகளில் அரை முதல் ஒன்று வரையும், பெண்கள் காலணிகளில் அதற்கு மேலும் கூடுதலாக இருக்கும், அதனால்தான் குழப்பம். மாலை நேரத்தில், விளையாட்டுச் சாக்ஸ் அணிந்தபடி, தாளின் மேல் நிற்கவைத்து இரண்டு கால்களையும் அளந்து, பெரிய காலின் அளவை அந்த நிறுவனத்தின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். வளருவாள் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் கால் உள்ளே நழுவிக் கொப்புளம் வரும். பொருள் வந்ததும் வீட்டுக்குள் பாய் விரித்து, அதன் மேல் நடந்து பார்க்கச் சொல்லுங்கள்; ஸ்டட்டில் மண் ஒட்டிவிட்டால் பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.