ஒரு மாதத் தொண்டூழியத்துக்குக் கோலாலம்பூர் வருகிறீர்களா?

கேள்வி: திருச்சியில் படிப்பை முடித்துவிட்டேன், வயது 22. கோலாலம்பூரில் அகதிப் பிள்ளைகளுக்கான கற்றல் மையம் ஒன்றில் ஒரு மாதம் சம்பளமில்லாமல் பாடம் சொல்லித்தர ஆசை. மலேசியாவுக்கு இப்போது விசா வேண்டாம் என்கிறார்களே, அப்படியே வந்துவிடலாமா? ஒரு மாதத்தில் என்னால் உருப்படியாக என்ன செய்ய முடியும்?

பதில்: அப்படியே வராதீர்கள், தம்பி. இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்கள் 2023 டிசம்பரிலிருந்து விசா இல்லாமல் 30 நாள் வரை இங்கே தங்கலாம் என்பது உண்மை. 2026 டிசம்பர் முடிய அந்தச் சலுகை இருக்கிறது. ஆனால் அது ஊர் சுற்றவும் உறவுகளைப் பார்க்கவும் வருகிறவர்களுக்கானது. சம்பளம் வாங்காததால் இது வேலையே இல்லை என்று குடிநுழைவு அதிகாரியிடம் வாதாட முடியாது. தொண்டூழியர்களுக்குத் தொழில்முறை வருகை அனுமதி தனியாக உண்டு. உங்களுக்குப் பொறுப்பேற்று அதற்கு விண்ணப்பிக்க வேண்டியது மையம்தான், அதுவும் நீங்கள் விமானம் ஏறும் முன்பே. “டூரிஸ்டா வந்துடுங்க, பார்த்துக்கலாம்” என்று சொல்கிற இடத்தை விட்டுவிடுங்கள்.

இதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பது உங்களுக்காக மட்டுமல்ல. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா சேரவில்லை. அகதிப் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் சேர முடியாது. அதனால்தான் கடைவீட்டு மாடிகளிலும் தேவாலயக் கூடங்களிலும் இந்த மையங்கள் நடக்கின்றன. வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் மியன்மாரைச் சேர்ந்த ரொஹிங்யா, சின் குடும்பத்தினர். பெற்றோர் பலர் எந்த நேரமும் பிடிபடலாம் என்ற பயத்திலேயே வேலைக்குப் போய் வருகிறார்கள். உங்கள் ஆவணத்தில் உள்ள ஓட்டையால் அந்த மாடிக்கு அதிகாரிகள் ஏறி வந்தால், நீங்கள் திருச்சிக்குத் திரும்பிவிடலாம். அவர்கள் எங்கே போவார்கள்? பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தையோ மையத்தின் முகவரியையோ இன்ஸ்டாகிராமில் போடக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

சரி, அந்த ஒரு மாதத்துக்கு வருவோம். தனியாக ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே ஏற்கெனவே ஓர் ஆசிரியை இருப்பார். பல மையங்களில் அவரும் அகதியாகவே இருப்பார். நீங்கள் வந்ததும் அவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, நீங்கள் போனதும் மறுபடி முன்னால் நிறுத்தினால், பிள்ளைகளிடம் அவருக்கிருக்கும் மதிப்புதான் குறையும். முதல் வாரம் வெறுமனே கவனியுங்கள். யாருக்கு எழுத்துக் கூட்ட வரவில்லை, யார் தம்பியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வருகிறாள், யார் பசியாறாமல் வருகிறான் என்று பெயரோடு மனதில் வையுங்கள். “அப்பா எங்கே, எப்படி இங்கே வந்தீங்க” என்று மட்டும் கேட்காதீர்கள். தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், வாசிப்பில் பின்தங்கிய மூன்று நான்கு பிள்ளைகளை ஆசிரியையிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் அரை மணி நேரம் அவர்களோடு உட்காருங்கள், கதவு திறந்தே இருக்கட்டும். ஒவ்வொருவரும் எங்கே தடுமாறுகிறார், எந்தப் புத்தகம் பிடித்தது என்று குறித்துவைத்து, போகும்போது அந்த நோட்டை ஆசிரியையிடமே கொடுத்துவிடுங்கள். ஒரு மாதத்தில் வந்து போகிறவர் செய்யக்கூடிய மிக நல்ல வேலை இதுதான் என்பது என் எண்ணம். நீங்கள் கிளம்பிய பிறகும் அது நடக்கும்.

கிளம்பும் தேதியை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். இப்படி வந்து ஒட்டிக்கொண்டு, சொல்லாமல் மறைந்த அண்ணன் அக்காமார்களை அவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். “மறுபடி வருவேன்” என்ற வாக்குறுதி வேண்டாம். ஒரு பிள்ளைக்கு மட்டும் தனியாகப் பரிசும் வேண்டாம்.

மையம் உங்களிடம் காவல்துறை நன்னடத்தைச் சான்று கேட்டால் கோபப்படாதீர்கள், அது நல்ல அடையாளம். எதையும் விசாரிக்காமல் கட்டணத்தை மட்டும் கேட்கிற இடம்தான் சந்தேகத்துக்குரியது.

மற்றவை சுலபம். மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நிரப்புங்கள். அது இலவசம், பணம் கேட்கும் தளங்களை நம்பாதீர்கள். அரசு மருத்துவமனையிலும் வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம், டெங்கியும் இங்கே சாதாரணம், ஆகவே பயணக் காப்புறுதி அவசியம். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் டச் அண்ட் கோ அட்டை வாங்குங்கள். 50 ரிங்கிட் மாதப் பாஸ் மலேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். தமிழர்கள் நிறைய இருக்கும் செந்தூலிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ தங்கினால் சாப்பாட்டுக்கும் பேச்சுத் துணைக்கும் குறையிருக்காது.

அனுமதி கைக்கு வர நேரம் பிடிக்கும். அது வரும்வரை டிக்கெட் எடுக்காதீர்கள். அதற்கிடையில் உங்கள் ஊரிலேயே கொட்டப்பட்டிலும் வாழவந்தான்கோட்டையிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அங்குள்ள பிள்ளைகளோடு வேலை செய்யும் அமைப்பு எது என்று விசாரித்து, அவர்கள் வழியாக முறையான அனுமதியோடு போய்ப் பாருங்கள். அங்கே சில மாதம் தொடர்ந்து போக முடிந்தால் மலேசியா வருவதைத் தள்ளிவைத்தாலும் தப்பில்லை, தம்பி.