பாதம் அகலமான இரண்டு வயதுக் குழந்தைக்குச் சரியான ஷூ எப்படித் தேடுவது?

நீங்கள் கேட்டது இதுதான்: பையனுக்கு இரண்டு வயது, பாதம் நல்ல அகலம். நீளம் சரியாக இருக்கும் ஷூ பக்கவாட்டில் இறுக்குகிறது, ஒரு சைஸ் ஏற்றினால் குதிகால் கழன்று வருகிறது. கோவை, ஈரோடு பக்கம் அகலமான ஷூ எங்கே கிடைக்கும்?

என் மகனுக்கும் இதே வகைப் பாதம்தான். ஈரோட்டில் இருக்கிறோம், அவனுக்கு இப்போது மூன்று வயது. 'அகலமான ஷூ' என்று தனியாக எந்தக் கடையிலும் அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள். ஈரோடு மணிக்கூண்டுப் பக்கமும் சரி, கோவை ஒப்பணக்கார வீதி, கிராஸ்கட் ரோடு கடைகளும் சரி, எண்ணைச் சொன்னால் அந்த எண்ணில் இருக்கும் பெட்டிகளை இறக்குவார்கள், அவ்வளவுதான். ஆனால் எண்ணை விட்டுவிட்டு ஷூவின் வடிவத்தைப் பார்க்கப் பழகிவிட்டால் அந்தப் பெட்டிகளுக்குள்ளேயே உங்களுக்கு வேண்டியது இருக்கும்.

கடையில் முதலில் காதில் விழுவது, "ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கங்க அக்கா, வளர்ற புள்ளைதானுங்களே." சொல்பவரைக் குறை சொல்ல முடியாது, அவரிடம் இருப்பதே நீள வரிசைதான். ஆனால் கணக்கு ஒத்து வராது. பிரிட்டன் அளவில் ஒரு எண் ஏறினால் நீளம் மூன்றில் ஒரு அங்குலம், அதாவது சுமார் 8.5 மி.மீ. கூடும். ஐரோப்பிய எண்ணில் சுமார் 6.7 மி.மீ. அகலம் கூடுவதோ ஓரிரு மில்லிமீட்டர். அகலத்துக்காக இரண்டு எண் ஏற்றினால் முன்னால் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் மேல் கூடுதலாக வெற்றிடம் நிற்கும். விரல் மடங்கும் இடம் ஒன்று, ஷூ மடங்கும் இடம் வேறொன்று என்று ஆகிவிடும். பிள்ளை நுனி தட்டித் தட்டி விழும். அதோடு பாதம் உள்ளே முன்னால் வழுக்கிக்கொண்டு போய், ஷூ குறுகுகிற இடத்திலேயே விரல்கள் நெரியும். எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதுவே நடக்கும்.

இந்த வயதில் பாதம் அகலமாகத் தெரிவது இயல்புதான். உள்ளங்கால் வளைவு வர வேண்டிய இடத்தில் கொழுப்புத் திண்டு இருப்பதால் பாதம் தட்டையாக, மேல்பக்கமும் புசுபுசுவென்று இருக்கும். வளைவு தெளிவாகத் தெரிய ஐந்தாறு வயதுகூட ஆகலாம். எலும்பின் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்புதான். அதனால் இறுக்கமான ஷூவுக்குள்ளும் பாதம் வளைந்து கொடுத்துவிடும், பிள்ளை அழாது. "அழவே இல்லையே, சரியாத்தான் இருக்கு" என்று மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள்.

நம்மூர்ப் பாதத்துக்கும் கடை ஷூவுக்கும் பொருந்தாமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலம் என்பது அதில் தெரிந்தது. 'பா' என்ற பெயரில் இந்தியர்களுக்கென்று ஓர் அளவு முறையையும் அவர்கள் முன்வைத்தார்கள், அதில் 1 முதல் 3 வயதுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அந்த அளவில் ஷூ நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும்வரை நாம்தான் அளந்து பார்த்து வாங்க வேண்டும்.

சரி, எப்படி அளப்பது? தூங்கும்போது அளக்கலாம் என்று தோன்றும். அது வேண்டாம். எடை ஏறாத பாதம் ஒடுங்கித்தான் இருக்கும். சாயங்காலம், விளையாடி முடித்த பிறகு, சுவரோரம் ஒரு தாளைப் போட்டு, குதிகால் சுவரில் படும்படி பிள்ளையை நிற்க வையுங்கள். ஒருவர் கையில் எதையாவது காட்டி நிறுத்திக்கொள்ள, இன்னொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றிக் கோடு போட வேண்டும். பென்சில் உள்பக்கம் சாய்ந்தால் அகலம் குறைந்துவிடும். இரண்டு காலையும் வரையுங்கள், எது பெரியதோ அதுதான் கணக்கு. சுவரிலிருந்து நீண்ட விரல் வரை நீளம். சில பிள்ளைகளுக்குக் கட்டை விரலைவிட இரண்டாவது விரல் நீளமாக இருக்கும், அதையும் பாருங்கள். அகலம் என்பது கட்டை விரல் மூட்டிலிருந்து சுண்டு விரல் மூட்டு வரை.

இந்தக் கோட்டை அப்படியே ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டி வெட்டிக்கொள்ளுங்கள். நம்மூர்ப் பத்திரிகைகள் கனத்துக்குக் குறைவில்லை, அப்படியாவது பயன்படட்டும். கூடவே பாத நீளத்தோடு 1 செ.மீ. சேர்த்து ஒரு விரல் அகலத்தில் ஒரு பட்டையும் வெட்டி வையுங்கள். பாதம் 14 செ.மீ. என்றால் பட்டை 15 செ.மீ.

கடையில் ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தை அட்டையை, அதாவது இன்சோலை, வெளியே எடுக்கச் சொல்லி, அதன் மேல் அட்டைப் பாதத்தை வைத்துப் பாருங்கள். அட்டை இரண்டு பக்கமும் வெளியே துருத்தினால் அந்த ஜோடியைப் பிள்ளையின் காலில் போட்டுப் பார்க்கவே வேண்டாம். அட்டை அடங்கினால் நீளப் பட்டையை ஷூவுக்குள் விடுங்கள். மடங்காமல் உள்ளே போனால் நீளமும் சரி. இன்சோல் ஒட்டியிருக்கும் ஷூ என்றால் அடிப்பாகத்தின் மேல் அட்டையை வைத்து உத்தேசமாகப் பார்க்கலாம். ஆனால் சோல் வெளியே அகலமாகவும் உள்ளே குறுகலாகவும் செய்வது உண்டு, ஏமாந்துவிடாதீர்கள். கட்டை விரலால் நுனியை அமுக்கிப் பார்க்கும் வழக்கத்தை நான் நம்புவதில்லை. அமுக்கியதும் பிள்ளை விரலைச் சுருட்டிக்கொள்ளும், இடம் இருப்பதுபோலத் தோன்றும்.

அடுத்தது வடிவம். மேலிருந்து பார்த்தால் நுனி வட்டமாக, கட்டை விரல் பக்கம் நேராக இருக்க வேண்டும். நடுவில் கூம்பும் ஷூ எத்தனை அழகாக இருந்தாலும் நமக்கு ஆகாது. பலரும் கவனிக்காதது வாய்ப்பகுதி. அகலப் பாதத்துக்கு மேல்பக்கமும் தடிமன் என்பதால், நீளமும் அகலமும் பொருந்தினாலும் வாய் குறுகலாக இருந்தால் கால் உள்ளே நுழையாது. வெல்க்ரோ பட்டையைப் பிரித்தால் நாக்குப் பகுதி விரல்கள் வரை நன்றாகத் திறக்க வேண்டும். மாட்டிய பிறகு பட்டை பாதிக்கு மேல் ஒட்ட வேண்டும். நுனியில் மட்டும் ஒட்டினால் பத்து எட்டு வைப்பதற்குள் பிரிந்துவிடும். மற்றதெல்லாம் சரி, பட்டை நீளம்தான் குறை என்றால் செருப்புத் தைப்பவரிடம் கொடுங்கள், ஒட்டுப் போட்டுத் தருவார். ரெக்சின் இளகாது. துணி, வலைத்துணி, மெல்லிய தோல் மூன்றும் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். சோல் விரல் மடங்கும் இடத்தில் கையால் அமுக்கினாலே வளைய வேண்டும், குதிகால் பக்கம் மட்டும் கொஞ்சம் விறைப்பாக இருக்கட்டும். நடந்தால் கீக்கீ என்று கத்தும் ஷூவைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை, உங்கள் காது, உங்கள் பாடு.

என்னைக் கேட்டால், இந்த வயதுக்கும் நம் வெயிலுக்கும் ஷூவைவிட முன்பக்கம் மூடிய சாண்டல் மேல். விரல் பக்கம் ஒரு பட்டை, கணுக்காலில் ஒரு பட்டை, இரண்டும் வெல்க்ரோ என்றால் அகலத்தை நாமே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். கிராக்ஸ் மாதிரி ரப்பர் செருப்பு முன்னால் நல்ல விசாலம்தான். பின்பட்டையைப் போட்டு வீட்டு வாசலுக்கு வைத்துக்கொள்ளலாம், ஓடி விளையாட வேண்டாம்.

அகலத்துக்கென்றே எழுத்துப் போட்டு விற்கும் நிறுவனங்களும் உண்டு. பிரிட்டனின் கிளார்க்ஸ் குழந்தை ஷூக்களில் எஃப் சாதாரணம், ஜி அகலம், எச் இன்னும் அகலம். அமெரிக்காவின் நியூ பேலன்ஸில் டபிள்யூ (அகலம்), எக்ஸ்டபிள்யூ (இன்னும் அகலம்) என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது ஊருக்கு வரும்போது வாங்கி வரச் சொல்வதானால் செ.மீ. அளவை அனுப்புங்கள், வயதையோ எண்ணையோ சொல்லாதீர்கள். ஒரே ஷூவுக்குப் பிரிட்டனில் 6, ஐரோப்பாவில் 23, அமெரிக்காவில் 7 என்று எண் மாறும். ஆன்லைனில் வாங்கும்போது அட்டவணையில் இருக்கும் செ.மீ. பாதத்தின் நீளமா, ஷூவின் உள்நீளமா என்று பாருங்கள். இதில் குழம்பினால் 1 செ.மீ. தவறிவிடும்.

வீட்டுக்குள் எதுவும் போடாமல் விடுவதுதான் நடை பழகும் பிள்ளைக்கு நல்லது என்று குழந்தை மருத்துவர்களும் சொல்கிறார்கள். எங்கள் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, அதையே, "இந்தக் காலுக்கு என்னத்துக்குக் கண்ணு பூட்ஸு, வெறுங்காலோட உடு" என்பார். ஆனால் அம்மாயி ஊர் காங்கேயம் பக்கம். வாசலைத் தாண்டினால் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், வெள்வேல முள்ளும் நெருஞ்சியும் கிடக்கும். அங்கே மட்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை, சாண்டல் இல்லாமல் இறக்கிவிட மாட்டேன்.

வாங்கி வந்ததும் பில்லும் பெட்டியும் பத்திரமாக இருக்கட்டும். வீட்டுக்குள் கால் மணி நேரம் போட்டுவிட்டுக் கழற்றிப் பாருங்கள். சாக்ஸ் தையல் தடம் லேசாகத் தெரிவது பரவாயில்லை. சுண்டு விரல் ஓரத்திலோ பாதத்தின் மேலேயோ சிவப்பு சீக்கிரம் மறையாமல் நின்றால் மாற்றிவிடுங்கள். சாக்ஸும் இறுக்கும் என்பதை மறந்துவிடுகிறோம், போடப் போகும் அதே சாக்ஸோடு பாருங்கள். இந்த வயதில் பாதம் மாதம் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் வளரலாம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய பட்டையையே பாதத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்தால் போதும். இப்படிச் சீக்கிரம் வளர்வதால் விலை அதிகம் கொடுத்து இரண்டு ஜோடி வாங்கி அடுக்க வேண்டாம்.

ஒரு பாதம் மட்டும் திடீரென்று பெரிதாகத் தெரிந்தாலோ, வீக்கம், வலி, நொண்டல் இருந்தாலோ, எப்போதும் நுனிக்காலிலேயே நடந்தாலோ கடைக்குப் போகாமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

பெரியப்பா வீட்டு அண்ணன் போட்ட ஷூ வந்து சேரும், நம் குடும்பங்களில் அது தவிர்க்க முடியாதது. குதிகால் பக்கம் ஒருபுறமாகச் சாய்ந்து தேயாமல், இன்சோலில் விரல் பள்ளம் விழாமல் இருந்தால் அட்டையை வைத்துப் பார்த்துப் போடலாம். பள்ளம் விழுந்திருந்தால் வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுங்கள். பிளே ஸ்கூலில் கறுப்பு ஷூ கட்டாயம் என்று சொன்னால் ஜூன் வரை காத்திருக்காமல் முன்பே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். நாங்கள் கேட்டபோது கறுப்புச் சாண்டலே போதும் என்றுவிட்டார்கள்.