கோத்தகிரியில் பட்டறை போட்டு, போர்சலின் (வெண்பீங்கான்) சிற்பத்தையே முழுநேரத் தொழிலாகக் கொள்ள முடியுமா? அந்த வாழ்க்கை எப்படி இருக்கும்?

முடியும். ஆனால் இந்தத் தொழிலில் கைவேலைக்குப் போகும் நேரத்தைவிடக் காய வைப்பதற்குப் போகும் நேரம் அதிகம். மலையில் அது இன்னும் கூடும். அதற்குப் பொறுமை உள்ளவர் தாராளமாக இறங்கலாம்.

போர்சலின் மண்ணில் ஏறக்குறைய பாதி கயோலின் என்ற வெள்ளைக் களிமண், கால் பங்கு ஃபெல்ட்ஸ்பார் என்ற சூட்டில் உருகும் கனிமம், மீதி குவார்ட்ஸ் என்ற படிகக்கல். மண் இழுபட்டு வர பென்டோனைட் என்ற பிசுபிசுப்பான களிமண்ணை 3 முதல் 5 சதவீதம் சேர்ப்பார்கள். பானை மண் மாதிரி இது வளைந்து கொடுக்காது. ஈரமாக இருந்தது 1280 டிகிரியில் வெந்து முடிவதற்குள் 12 முதல் 15 சதவீதம் சுருங்கிவிடும். 20 செ.மீ. சிலை வேண்டுமென்றால் 23 செ.மீ.க்குச் செய்ய வேண்டும். மூட்டையில் போட்டிருக்கும் கணக்கை நம்ப வேண்டாம். ஈர மண்பட்டையில் 10 செ.மீ. கோடு கீறி, சுட்டபின் அளந்து பாருங்கள். அதுதான் உங்கள் சூளையின் கணக்கு.

அடிக்கடி கெடுவது காயும்போதுதான். ஒரு பறவை உருவம் என்றால் இறகு நுனி 2 மி.மீ., உடல் 6 மி.மீ. இருக்கும். இறகு முதலில் காய்ந்து சுருங்கும், உடலில் ஈரம் நிற்கும். இரண்டும் சேரும் இடத்தில் முடியளவு வெடிப்பு விழும். 1000 டிகிரி முதல் சூட்டில் அது கண்ணுக்குத் தெரியாது, 1280 டிகிரி இரண்டாம் சூட்டில் வாய் பிளக்கும். எனவே ஒட்டும்போது இரண்டு பாகமும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும். ஒட்டியதும் மெல்லிய பாகங்களை மட்டும் பிளாஸ்டிக் தாளால் சுற்றி வையுங்கள், உடல் முந்திக் காயட்டும். மழைக்காலத்தில் ஒரு உருவம் காய இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அவசரப்பட்டு ஹீட்டரைப் பக்கத்தில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து கோணும். மூடிய அலமாரியின் அடித்தட்டில் ஒரு குண்டு பல்பு எரிந்தால் போதும். டிசம்பர், ஜனவரி உறைபனி இரவுகளில் ஈர வேலையை ஜன்னலோரம் விடவே கூடாது. மண்ணுக்குள் நீர் உறைந்து ஊசி ஊசியாக விரியும், காலையில் தொட்டால் உதிரும்.

காய்ந்துவிட்டதா என்று கன்னத்தில் வைத்துப் பார்ப்பது சமவெளியில் சரி. இங்கே எல்லாமே சில்லென்றுதான் இருக்கும். சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள். இரண்டு நாள் தொடர்ந்து எடை மாறாவிட்டால் சூளைக்குத் தயார்.

சூளையிலும் மலைக்கென்று சில கணக்கு உண்டு. கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதிக்கும், ஊட்டியில் அதற்கும் கீழே. ஆகவே தொடக்கச் சூட்டை 95இல் நிறுத்திக் காய வைக்கும் வழக்கம் இங்கே ஆபத்து, ஆவி முட்டி உருவம் சிதறும். 80 டிகிரியில் சில மணி நேரம் நிறுத்துங்கள். 573 டிகிரியில் குவார்ட்ஸ் சட்டென்று உரு மாறும், ஏற்றும்போதும் ஆற்றும்போதும் அந்த இடத்தை மெதுவாகக் கடக்க வேண்டும். மின்சூளைக்கு மின்னழுத்தம் முக்கியம்: 230 வோல்ட் 200 ஆக இறங்கினால் கம்பியின் சூடு கால் பங்கு குறையும், கடைசி 100 டிகிரி ஏறவே ஏறாது. கேஸ் சூளையில் காற்று மெலிவதால் சுடர் மஞ்சளாகும், பர்னரின் காற்றுவாயை இன்னும் திறக்க வேண்டும்.

உச்சச் சூட்டில் போர்சலின் இளகித் தொங்கும். நீட்டிய கை, இறகு, தலை எதுவானாலும் முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டும் அதே மண்ணில் செய்யுங்கள், அப்போதுதான் சிலையோடு சேர்ந்து சுருங்கும். தொடும் இடத்தில் சூட்டில் உருகாத அலுமினாப் பொடி தடவாவிட்டால் ஒட்டிக்கொள்ளும். சிலையின் அடியிலும் அதே மண் பலகை ஒன்று வையுங்கள். இல்லையென்றால் சூளைத்தட்டு அடியைப் பிடித்துக்கொள்ள, கணுக்கால் விரியும்.

இனி வாழ்க்கை. எட்மண்ட் டி வால், 1964இல் பிறந்த பிரிட்டன் கலைஞர், கேம்பிரிட்ஜ் படிப்பைத் தள்ளி வைத்துவிட்டு ஜெஃப்ரி வைட்டிங் என்ற குயவரிடம் இரண்டு வருடம் வேலை பழகினார். இன்று உலகறிந்தவை அவருடைய போர்சலின் கலங்கள். முதல் சில வருடம் இப்படி ஒருவரின் பட்டறையில் கழிவதே நல்லது. நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி இருக்கிறது. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கியது, இந்தியக் கலைஞர்கள் பலர் அங்கே பழகியவர்கள். அச்சு வார்ப்பைப் பார்க்க விருத்தாசலம் பீங்கான் கூடங்களுக்குப் போய் வாருங்கள்.

நீலகிரிக்கு இதில் சொந்தமே உண்டு. இங்குள்ள பழங்காலக் கல்வட்டங்களில் கிடைத்த கலங்களின் மூடிமேல் எருமையும் மனிதரும் மண்ணில் வடிக்கப்பட்டிருக்கிறார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவற்றை நேரில் பாருங்கள். உருவத்தை எவ்வளவு குறைத்துச் சொல்லலாம் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

வருமானத்துக்கு முதல் வருடங்களில் கோப்பையும் தட்டும் செய்யத்தான் வேண்டும், அதில் குறைவு ஒன்றும் இல்லை. சிலைக்கு விலை போடும்போது ஐந்தில் ஒன்று உடையும் என்று வைத்தே போடுங்கள்.

நுரையீரலையும் காப்பாற்ற வேண்டும். 2010இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் பத்து கோடி போர்சலின் சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். அவற்றின்மேல் மக்கள் நடந்ததில் தூசி எழுந்தது, சில நாளிலேயே நடப்பதைத் தடை செய்தார்கள். அந்தத் தூசிதான் உங்கள் பட்டறையிலும் தினமும் இருக்கப்போகிறது. குளிருக்காகக் கதவைச் சாத்தி வேலை செய்யும் ஊரில் அது வெளியே போகாது. துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். உலர்ந்த மண்ணைத் தேய்க்கும்போது என்95 முகமூடி கட்டாயம்.

மேட்டுப்பாளையம் இறங்கும் வளைவுகளில் பார்சல் புரளும். பெட்டிக்குள் பெட்டி வைத்து, நடுவே எல்லாப் பக்கமும் 5 செ.மீ. ஃபோம் கொடுங்கள். கட்டியபின் குலுக்கிப் பாருங்கள், உள்ளே ஏதாவது அசைந்தால் பிரித்து மறுபடி கட்டுங்கள்.